கன்ட்ரி பாட்டுக்காரருக்கு எடுத்த காவடி

எனக்குக் கன்ட்ரி பாட்டு என்றால் உயிர் என்று சொன்னால் எங்கள் சனம் முதலில் சிரிக்கும். பிறகு, "உண்மையாவோ?" என்று கேட்கும். கியூபெக்கில், டோர்வல் விமான நிலையத்துப் பக்கம், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில் தட்டு அடுக்குகிறவன், கந்தசஷ்டிக்கு விரதம் இருக்கிறவன், சனிக்கிழமை பின்னேரங்களில் அகலத் தொப்பி போட்டுக்கொண்டு கிட்டாரோடு மேடையில் நின்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? என் மனைவி கலியாணம் கட்டிய நாளிலிருந்து சிரிக்கிறாள். அந்தத் தொப்பியைச் சாமியறைப் பக்கம் கொழுவக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் போட்ட சட்டம்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் அதே வேலையிடத்தில் லொறி ஓட்டியவர். நாங்கள் அடுக்கும் சாப்பாட்டுப் பெட்டிகளை விமானத்தின் கதவு உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்கிற லொறி அது. கியூபெக்கின் வடக்கே காட்டுப் பக்கத்தில் பிறந்த வெள்ளைக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கிழமை நாட்களில் லொறி, சனி ஞாயிறில் பாட்டு. தேவாலயங்களின் கீழ்மண்டபங்கள், ஓய்வூதியக்காரர்களின் சங்கங்கள், கோடையில் சின்ன ஊர்களின் திருவிழாக்கள் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். எல்லாம் பிரெஞ்சில், எல்லாம் அவரே கட்டிய பாட்டுகள். நெடுஞ்சாலை, மழை, விட்டுப்போன பெண், மன்னித்த தாய். இதைத் தாண்டி ஒரு பாட்டுக்கூட அவர் எழுதியதில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை.

எனக்கு ஊரில் பள்ளிக்கூட நாடகங்களுக்குக் கிட்டார் அடித்த பழக்கம் கொஞ்சம் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவருடைய கிட்டாரை வாங்கித் தட்டிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "வாற சனிக்கிழமை உனக்கு என்ன வேலை?" என்றார். அவர் பேசியது பிரெஞ்சுதான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் மனதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்து கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

என் பிரெஞ்சும் அவருடைய பாட்டுகளில் படித்ததுதான். வகுப்பில் படித்ததெல்லாம் வாசலோடு மறந்துபோகும், பாட்டில் வந்தது மட்டும் ஒட்டிக்கொண்டது. அதனால் வந்த கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. ஏன் பிந்தி வந்தாய் என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, பாதை நீளம், இதயம் தனிமை என்று பதில் சொல்லியிருக்கிறேன். பஸ் வரவில்லை என்று சொல்ல அப்போது என்னிடம் வசனம் இருக்கவில்லை. அந்த மனுசி என் தோளில் தட்டி, வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்று அனுப்பிவிட்டார்.

பாட்டுக்காரருக்கு வாழ்க்கை ஒன்றும் அள்ளிக் கொடுக்கவில்லை. நடு வயதுவரை குடி. குடியை விட்டபோது முதல் குடும்பம் அவரை விட்டுவிட்டது. வானொலிக்காரர் எவரும் அவர் பாட்டைப் போட்டதில்லை. பிறகு ஒரு நல்ல பெண்ணைக் கண்டு கட்டி, அவளுடைய தகப்பன் விட்டுப்போன சின்ன வீட்டில், இல்-பிசாரில் குடியிருந்தார். அந்தத் தீவுக்குப் பஸ் பிடிப்பதே பெரிய வேலை. அவரோ அங்கே இருந்து கிட்டாரையும் ஒலிபெருக்கியையும் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கூப்பிட்டது பத்துப் பேராக இருந்தாலும் புறப்பட்டுவிடுவார். புறப்படுமுன் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிடுவார். நான் பக்கத்து இருக்கையில் முருகனைக் கூப்பிடுவேன். அந்த வானுக்கு இரண்டு சாமிகளின் காப்புறுதி.

ஒருமுறை லொங்கேய் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் பாடிக்கொண்டிருந்தோம். பாட்டின் நடுவில் அவருடைய கிட்டாரில் ஒரு தந்தி அறுந்தது. அதேநேரம் பக்கத்து அறையில் பிங்கோ தொடங்கிவிட்டது. இருந்த சனம் எல்லாம் எழும்பிப் போய்விட்டது. வெறும் கதிரைகள். நான் நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. என்னைப் பார்த்து ஆட்காட்டி விரலை மேலே தூக்கி ஒரு வட்டம் போட்டார். எங்கள் இருவருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: திரும்ப, முதலிலிருந்து. வேறு வழியில்லாமல் நானும் அடித்தேன்.

வானில் திரும்பி வரும்போது கோபமாகக் கேட்டேன்.

"ஆருக்குப் பாடினனீங்கள்?"

"பின்சுவருக்கு" என்றார். "கடவுள் முன்வரிசையில வந்து இருக்கமாட்டார். பிந்தித்தான் வருவார், கோட்டும் கழட்டாமல் பின்சுவரோட நிண்டு கேப்பார். அதால எப்பவும் பின்சுவருக்குப் பாடவேணும். தொடங்கினா முடிக்கவேணும். அந்தாள் எந்த அடியில உள்ளுக்கு வருவார் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"எங்கட ஆள் மயிலோட வாறவர். உங்கட பின்சுவரில இடம் காணாது" என்றேன். வான் முழுக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் காதுக்குள் இருக்கிறது.

போன பனிக்காலத்துக்கு முந்தின பனிக்காலத்தில், வீட்டுச் சமையலறையில் கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. குடிக்க எடுத்த கோப்பை கையில் சரிந்து கோப்பி ஊற்றுவதை மனைவி கண்டாராம். என்ன என்று கேட்க, அவர் வாயைத் திறந்தாராம். ஒன்றும் வரவில்லையாம்.

அன்று எங்களுக்குப் பாட்டுப் பயிற்சி நாள். நான் பாதி வழியில் சேதி கேட்டு, கிட்டார் பையோடேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. பேச்சு வருமோ பாட்டு வருமோ, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவருடைய மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பிரெஞ்சில் இதயம் உடைவதற்குப் பத்துச் சொல் உண்டு, மூளை உடைந்தால் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களுக்குக் கையாலாகாத நேரத்தில் செய்ய ஒன்று இருக்கிறது: நேர்த்தி வைப்பது. ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, இன்னதைத் தா, இன்னதைச் செய்கிறேன் என்று சாமியோடு பேசிக்கொள்வது. கிடைத்தால் முடிச்சை அவிழ்த்துக் கோயிலில் போட்டு, சொன்னதைச் செய்யவேண்டும். அந்தத் தாழ்வாரத்தில் மஞ்சள் துணிக்கு எங்கே போவது? கிட்டார் துடைக்கிற துணி மஞ்சள். கிட்டார் பைக்குள்ளிருந்து அதை எடுத்தேன். கோப்பி மெஷினுக்கென்று வைத்திருந்த ஒரு டொலர் காசுக் குத்தியை அதில் முடிந்தேன். "முருகா, இந்த மனுசன் திரும்பப் பாடவேணும். பாடினா உனக்குக் காவடி எடுக்கிறன்" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் நின்ற தாதி, தொலைபேசியில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

பாடவேணும் என்றுதான் கேட்டேன். அவரைப் பற்றி நினைத்தாலே பாட்டுத்தானே முன்னுக்கு வரும். வேறு எதைக் கேட்டிருப்பேன்?

பனி உருகத் தொடங்கிய காலத்தில் அவரைக் கை காலுக்கும் பேச்சுக்கும் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண் ஒருத்தி கோப்பை, கதவு, நாய் என்று படங்களைக் காட்டிச் சொல்லச் சொல்வாள். அவர் வியர்த்து விறுவிறுத்துப்போவார். வந்ததெல்லாம் கெட்ட வார்த்தைதான். கியூபெக்கில் கெட்ட வார்த்தை என்பது தேவாலயத்துச் சாமான்களின் பெயர்கள். பூசைக் கிண்ணத்தின் பெயரைச் சொல்லி அவர் மேசையில் அடிக்க, அந்தப் பிள்ளை, "நல்லது, நல்லது" என்று எழுதிக்கொள்ளும். ஒருநாள் பொறுக்க முடியாமல் நான் கிட்டாரை எடுத்து அவருடைய மழைப் பாட்டின் தொடக்கத்தை அடித்தேன்.

அவர் பாடினார்.

முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, ஒரு சொல் பிசகாமல், சுருதி விலகாமல். பக்கத்து அறைகளிலிருந்து சக்கர நாற்காலிகள் வாசலுக்கு வந்துவிட்டன. அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன். வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, மஞ்சள் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காவடிக்கு எந்தக் கடையில் மயிலிறகு வாங்குவது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அடுத்தமுறை போனபோது அவர் மனைவி தாழ்வாரத்தில் என்னைப் பிடித்தார். "பாடுறார். ஆனா என்ர பேரைச் சொல்ல ஏலாமல் இருக்கு" என்றார். அந்தப் பயிற்சிப் பிள்ளை எங்கள் இருவருக்கும் விளங்கப்படுத்தினாள். பேச்சு இருப்பது மூளையில் ஒரு பக்கம், பழகின பாட்டு தங்குவது பெரும்பாலும் மற்றப் பக்கம். காயப்பட்டது பேச்சுப் பக்கம். பாட்டு வரும், ஆனால் அது அவர் நினைத்துச் சொல்கிற சொல் இல்லை. பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு அது உறைத்தது. தாகமாக இருந்தால் தண்ணீர் என்று சொல்ல வாயைத் திறப்பார். மழைப் பாட்டு வரும். கால் நோகுது என்று சொல்லப் பார்ப்பார். நெடுஞ்சாலைப் பாட்டு வரும். தொடங்கினால் நிறுத்தவும் முடியாது. கடைசி அடிவரை அது அவரை இழுத்துக்கொண்டு போகும். முகம் வேறொன்றைச் சொல்லும், வாய் பாட்டுக்குப் பின்னால் போகும். தொடங்கினால் முடிக்கவேணும் என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனுசனை இப்படியா பிடிப்பது?

என் மனைவியிடம் சொன்னேன். சமைத்துக்கொண்டிருந்தவள் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"பாடவேணும் எண்டு."

"அவ்வளவுதானோ?"

"ஓம்."

"கதைக்கவேணும் எண்டு கேக்கேல்லையோ?"

"அது வரும்தானே எண்டு நினைச்சன்."

"என்னப்பா நீங்கள்! உங்களைக் கடைக்கு அனுப்பினாலும் இப்பிடித்தான். தேங்காய் எண்டால் தேங்காய் மட்டும் வரும், வெங்காயம் வராது." பிறகு என் முகத்தைக் கண்டு குரலைத் தணித்தாள். "கேட்டதைத் தந்திட்டார். காவடி எடுக்கத்தான் வேணும்."

எனக்கு முருகன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் என்ன வேலையிடத்துக் கணினியா, அழுத்தின பொத்தானுக்கு உள்ளதை மட்டும் தர? மனதில் இருந்தது தெரியாதா? கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டேன். பூசை முடிந்து வெற்றிலையும் பூவும் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நேர்த்தி பாதிதான் கிடைச்சிருக்கு. எடுக்கிறதோ விடுறதோ?"

"வாய்விட்டுக் கேட்டது கிடைச்சதோ?"

"கிடைச்சது."

"அப்ப எடுக்கிறதுதான் முறை."

"மிச்சம்?"

ஐயர் பூத்தட்டைத் தூக்கினார். "மிச்சம் நீங்களும் அவரும்" என்று மூலஸ்தானத்தைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பயிற்சி இடத்திலிருந்து பாட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஞாயிறுதோறும் இல்-பிசாருக்குப் போனேன். பாட்டின் மெட்டிலேயே வேறு சொல்லைப் போட்டுப் பழக்கலாம் என்று அந்தப் பயிற்சிப் பிள்ளை சொல்லித் தந்திருந்தாள். மழைப் பாட்டின் மெட்டில், "எனக்குத் தண்ணி வேணும்" என்று நான் பாடுவேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு தொடங்குவார். முதல் சொல் வருகிற மாதிரி இருக்கும். அடுத்த சொல்லில் பழைய பாட்டு அவரைக் கவ்விக்கொள்ளும். முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் காத்திருப்போம். முடிந்ததும் தலையை ஆட்டுவார், இது இல்லை என்று. இடது கையின் விரலைத் தூக்கி வட்டம் போடுவார். திரும்ப, முதலிலிருந்து.

ஒருநாளும் போதும் என்று அவர் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் விரலும் ஓய்ந்ததில்லை. எனக்குத்தான் ஓய்ந்துபோகும். அவருடைய வீட்டிலிருந்து கிளம்பி பஸ் தரிப்பில் நிற்கும்போது, இனி வரக்கூடாது என்று நினைப்பேன். வாயைத் திறந்து வேறொருவர் பாட்டைப் போலத் தன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிற மனுசனைப் பார்க்க எனக்குச் சக்தியில்லை. ஞாயிறு வந்தால் திரும்பவும் போவேன். போய் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை, கிட்டார் அடித்தேன்.

ஒரு தடவை தண்ணீர்க் குவளையைத் தட்டி விழுத்தினார். அது கோபமா, தவறுதலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் மனைவி நிலத்தைத் துடைத்துக்கொண்டே, "இவர் இப்பவும் கும்பிடுறாரோ எண்டு எனக்குத் தெரியாது" என்றார். "கும்பிடவும் சொல் வேணும்தானே." அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு எங்களைத் தாண்டிச் சமையலறையின் பின்சுவரைப் பார்த்தார். அங்கே கலண்டர் ஒன்றுதான் தொங்கியது.

கோடை வந்தது. கோயிலில் கொடி ஏறியது. காவடி எடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் அவருடைய மனைவி, அவரையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்று பிடிவாதமாக நின்றார். வந்து, பந்தலின் ஓரத்தில் சக்கர நாற்காலியை நிறுத்தினார். அவர் தொப்பியோடு இருந்தார். நான் வேட்டியும் வெறும் மேலுமாக, திருநீறு பூசி, காவடியைத் தோளில் ஏற்றக் காத்திருந்தேன். அந்த மனுசி மயிலிறகைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது கேக்கிறதுக்கோ, நன்றி சொல்லுறதுக்கோ?"

"நன்றிக்கு" என்றேன்.

"நன்றிக்கோ?" என்று தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே காவடியைப் போட்டுவிட்டு ஓடவேண்டும் போலிருந்தது.

மேளமும் நாதஸ்வரமும் எழும்ப ஆடத் தொடங்கினேன். தார் வீதி கொதித்தது. ஆட்கள் பாதத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மூட்டுகள் கெஞ்சின. சுற்றி வருகிற ஒவ்வொருமுறையும் அந்தத் தொப்பியைத் தேடினேன். ஒரு சுற்றில் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் இருந்தது நன்றியா, கேள்வியா, இரக்கமா, எனக்குத் தெரியவில்லை. முன்பென்றால் வானில் ஏறியதும் சொல்லியிருப்பார்.

சாமி முன்னால் காவடியை இறக்கினேன். மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டேன். துணி கையில் இருந்தது. மடியில் இன்னொரு காசும் இருந்தது. "இந்தமுறை லோயர் மாதிரி யோசிச்சுக் கேளுங்கோ" என்று என் மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். கேட்க நின்றேன். கதைக்கவேணும் என்று கேட்டால், பேச்சைத் தந்துவிட்டுப் பாட்டை எடுத்துவிடுவாரோ? இரண்டும் வேணும் என்றால், விழுந்த அந்த வலது கையைக் கேட்க மறந்துபோவேனோ? முன்னைப் போல ஆக்கு என்றால், எந்த முன்னைக்குக் கொண்டுபோய் விடுவார், குடித்துக் கிடந்த காலத்துக்கா? பயம் பிடித்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். காசைத் துணிக்குள் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். வாய் திறந்தபடி நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. காசுக்கு முடிச்சுப் போடாமலே வெளியே வந்துவிட்டேன்.

அவருடைய மனைவி கார் எடுக்கப் போயிருந்தார். அவர் மரநிழலில் தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் இடது கையால் என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். நல்ல பலமான பிடி. அவருக்கு ஏதோ சொல்லவேண்டியிருந்தது, மிகவும் அவசரமாக. வாயைத் திறந்தார். மழைப் பாட்டு வந்தது.

"தண்ணியோ?" என்று போத்தலை நீட்டினேன். பாடிக்கொண்டே தட்டிவிட்டார். "வெயிலோ? காலோ? வீட்டை போகவேணுமோ?" எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பாட்டு போய்க்கொண்டேயிருந்தது. கோயிலிலிருந்து வந்த சனம் நின்று பார்த்தது, ஒரு பிள்ளை கைதட்டியது. அவர் என் நெஞ்சில் வழிந்த வியர்வையையும் தோளில் காவடி பதிந்த தடத்தையும் பார்த்துப் பார்த்துப் பாடினார். எனக்குத்தான் ஏதோ சொல்கிறார். எனக்கு மட்டும்தான். நான் கூடச் சேர்ந்து பாடினேன், வேறென்ன செய்வது? கடைசி அடி முடிந்தது. விளங்கியதா என்று கேட்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.

"விளங்கேல்லை" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். என் மணிக்கட்டை விட்டார். ஆட்காட்டி விரலைத் தூக்கி, காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டார். கிட்டார் இல்லை. நான் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் தாளம் தட்டத் தொடங்கினேன்.